மாப்பிள்ளைக் கோட்டு

விசா இல்லை என்று தெரிந்த அன்று நான் பதினோரு பிளவுஸ் வெட்டினேன். அழ நேரமில்லை என்று சொல்ல மாட்டேன். அழத் தெம்பில்லை.

என் மகன் ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். கூட வேலை செய்யும் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அவன் அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. மறுப்பதென்றால் நான் ஒருத்திதான் மறுக்க வேண்டும், அதற்கெல்லாம் எனக்கு முடியவில்லை. கல்யாணத்துக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று அவன்தான் பிடிவாதமாகப் பேப்பர் எல்லாம் போட்டான். நான் ஊர் திரும்புவேன் என்று நம்புவதற்குப் போதுமான காரணம் இல்லை என்று பதில் வந்தது. கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு முன்னறையில், முப்பத்திரண்டு வருடமாக ஒரே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கடலூர் பஸ் போவதையும் பாண்டி பஸ் போவதையும் பார்த்தது தவிர நான் பெரிதாக எங்கேயும் போனதில்லை. என்னைப் பார்த்து, விட்டால் ஓடிவிடுவாள் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

"திரும்பப் போடலாம்மா" என்றான் போனில்.

"வேணாண்டா. இந்தக் கழுத்து வலிய வச்சிக்கினு நான் பிளேன்ல எத்தினி மணி நேரம் குந்தறது? நீ நல்லா பண்ணிக்கோ."

மூன்றாம் நாள் கூப்பிட்டு, "சரி, நீ வர வேணாம். எனக்கு ஒரு கோட்டு தைச்சு அனுப்பு. அத போட்டுக்கினு நிக்கறன்" என்றான்.

"நான் இன்னா கோட்டு தைக்கிற ஆளாடா?" என்று கத்தினேன். போனை வைத்தேன். ஆனால் நான் போக முடியாத அந்த இடத்தில் என் கைவேலையாவது போய் நிற்கட்டும் என்ற ஆசை அப்போதே உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆசை என்று ஒன்று வந்துவிட்டால் எனக்குப் பயமும் கூடவே வந்துவிடும். அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

அங்கே கல்யாணத்துக்கு ஆண்கள் முழங்கால் வரைக்கும் மடிப்பு வைத்த பாவாடை கட்டுகிறார்கள். அதற்குக் கில்ட் என்று பெயர். அதை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். மேலே போடுவது இடுப்போடு நின்றுவிடும் குட்டைக் கோட்டு. தோளில் பட்டி, முன்னால் இரண்டு வரிசை வெள்ளிப் பொத்தான். பெரும்பாலும் கறுப்பில் போடுவார்களாம். ஆனால் கட்டம் போட்ட துணியில் தைப்பதும் உண்டு, தனக்கு அதுதான் வேண்டும் என்றான். அந்தக் கட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொன்று. கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் முதலில் கேட்பது குடும்பப் பெயர்.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அவன் தன் அப்பா பெயரைப் போட்டுப் பார்த்தானாம். ஒன்றும் வரவில்லை.

"இன்னாடா இது, அங்கயும் நீ யாரு வூட்டுப் புள்ளன்னுதான் கேக்குறாங்களா?"

"அய்யோ, அது மாதிரி இல்லமா. இது சும்மா ஒரு பெருமைக்கு. யாரும் எதுவும் போட்டுக்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் கற்றுக்கொண்ட புதிதில், பாகூர்ப் பக்கம் பெரிய வீடுகளுக்குத் தைத்த பிளவுஸைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "நீ எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். சொன்ன பிறகு, படியில் வைத்துவிட்டுப் போ என்பார்கள். நான் தொட்டுத் தொட்டுத் தைத்த துணி, அதை உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். என் கையிலிருந்து மட்டும் வாங்க மாட்டார்கள். இப்போது அந்த வீட்டுப் பெண்களெல்லாம் என் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "கழுத்து கொஞ்சம் இறக்கமா வைங்க" என்று மரியாதையோடு பேசுகிறார்கள். இருந்தாலும் யாருடையது என்ற கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு முதுகு விறைத்துக்கொள்கிறது. அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

யார் வேண்டுமானாலும் போடலாம் என்று வைத்திருக்கும் பொதுக் கட்டங்களும் இருந்தன. அவன் இருபது படம் அனுப்பினான். பச்சை, நீலம், கருஞ்சிவப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், கழற்றிவிட்டுப் பார்த்தேன். எல்லாம் எனக்குக் கைலியாகத்தான் தெரிந்தது. எதையாவது எடு என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் பெண்ணின் அப்பா ஒன்று சொல்லியிருக்கிறார். அவர் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒருமுறை வீடியோவில் வந்து இரண்டு கையையும் கூப்பி, கஷ்டப்பட்டு "வணக்கம்" சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பையன் எங்கள் வீட்டுக்கு வருகிறான், எங்கள் கட்டத்தையே போடட்டும், துணி நான் எடுத்துத் தருகிறேன் என்றாராம். கேட்டதும் சுருக்கென்றது. பெற்று வளர்த்தது நான், அவன் போட்டுக்கொண்டு நிற்கப் போவது அவர்கள் வீட்டு அடையாளம். பிறகு யோசித்தேன். மாப்பிள்ளைக்குத் துணி எடுப்பது நம் பக்கத்திலும் பெண் வீடுதானே. நம் வழக்கம் தெரியாமலே அவர் நம் வழக்கத்தைச் செய்கிறார். சரி என்றேன்.

ஆனி மாதக் கடைசியில் பார்சல் வந்தது. உள்ளே மூன்றரை மீட்டர் கம்பளித் துணி, தனியாக ஒரு சின்னப் பையில் பொத்தான்கள். கரும்பச்சையும் நீலமும் மாறி மாறிக் கட்டம். நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடுதான் துணிக்கே அழகு. மணப்பட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் பெண் ஒருத்தி என்னிடம்தான் தைப்பாள். அவள் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கைலி பார்சல்ல வந்துகீது?"

"இது என் புள்ள கல்யாணத் துணிடி."

"கல்யாணத்துக்குக் கைலியா? என் வூட்டுக்காரரு கேட்டா சந்தோஷப்படுவாரு. அவுரு கைலியத் தவுர ஒண்ணும் கட்டறதில்ல" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

கோட்டின் உள்ளே வைக்கும் கேன்வாஸும் தோளுக்கு வைக்கும் பஞ்சும் வாங்கப் பாண்டிக்குப் போனேன். அங்கே ஒரு கோட்டு டெய்லரிடம் படத்தைக் காட்டினேன். "இந்த வேலை ஆகாதும்மா, கட்டம் சேராது" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அதில் கட்டங்கள் நேராக இல்லை. ஒவ்வொன்றும் மூலையில் நின்றது. துணியை நேராகப் போடாமல் மூலைவாட்டில் போட்டு வெட்டியிருக்கிறார்கள். கிராஸ் கட்! அதைத்தானே பிளவுஸுக்கு நான் நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருக்கிறேன்? பாதிப் பயம் அங்கேயே இறங்கிப் போனது. கிராஸ் கட்டுக்குத் துணி அதிகம் பிடிக்கும். மூன்றரை மீட்டரில் மிச்சம் ஒரு சாண்கூட நிற்காது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

பிறகு ஆடி பிறந்தது. நாம் ஆடியில் கல்யாணம் செய்ய மாட்டோம், அவர்கள் ஆடிக் கடைசியில்தான் தேதி வைத்திருந்தார்கள். அதையும் நான் கேட்கவில்லை. ஆடி எனக்கு வேறு வகையில் கஷ்டம். வீராம்பட்டினம் தேருக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் சிவப்பு பிளவுஸ் வேண்டும், இல்லையென்றால் மஞ்சள். முன்னறை முழுக்கச் சிவப்பு. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் சிவப்பு நூல் கிடக்கும்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் துணியையும் லைனிங்கையும் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பேன். சுருங்குவதெல்லாம் முதலிலேயே சுருங்கிவிடும், தைத்த பிறகு தகராறு வராது. சாயத் துணியென்றால் சாயம் இறங்காமலிருக்கக் கல்லுப்பு ஒரு கை போடுவேன். முப்பத்திரண்டு வருடத்தில் நனைக்காமல் நான் ஒரு துணியை வெட்டியதில்லை. அதனால்தான் என் தையல் சுருங்கிற்று என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அது எனக்கு ஒரு கர்வம்.

அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. கழுத்து வலிக்கான பட்டையை மாட்டியிருந்தேன். பம்ப்படியில் ஒரு வாளி தண்ணீர் அடித்துத் தூக்கி வந்து, அதில் பத்து சிவப்பு லைனிங்கை ஊறப் போட்டேன். இன்னொரு வாளி தூக்க வேண்டும். கழுத்து ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. இவ்வளவு நல்ல துணி, ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கம்பளித் துணியையும் அதே வாளியில் அமுக்கினேன். உப்பும் போட்டேன்.

அரை மணி கழித்து எடுத்தால் ஆட்டு வாடை அடித்தது. மழையில் நனைந்த ஆடு வாசலில் வந்து நின்றால் எப்படியிருக்கும், அப்படி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த வாடையோடு என் பிள்ளை மணமேடையில் நிற்பானா? அந்த ஊர்க்காரர்கள் மூக்கைச் சுளித்து, இவன் அம்மா தைத்ததாம் என்று பேச மாட்டார்களா? அடுப்பில் வெந்நீர் வைத்தேன். சோப்புத் தூள் போட்டு, சட்டைக் காலரைக் கசக்குகிற மாதிரி அடித்துக் கசக்கினேன். முறுக்கிப் பிழிந்து மாடியில் போட்டேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாகத்தான் இறங்கி வந்தேன்.

சாயங்காலம் எடுக்கப் போனபோது அது வேறு துணியாக இருந்தது. போர்வை போலத் தடித்திருந்தது. மூன்றரை மீட்டர் போட்டு அளந்தால் ஒரு முழம் காணவில்லை. கட்டங்கள் சிறுத்து நெருங்கியிருந்தன. அந்த வெள்ளைக் கோடு, அதுதான் அழகு என்றேனே, அது முழுக்க ரோஜா நிறமாகியிருந்தது. லைனிங்கின் சிவப்பெல்லாம் அங்கே போய் ஏறியிருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீட்டுக்காரர் தன் குடும்பத்தின் அடையாளம் என்று நம்பி என் கையில் கொடுத்ததை நான் வாளியில் போட்டு முடித்துவிட்டேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

தேருக்குப் போட பிளவுஸ் வாங்க வந்த மீன்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "ரோஸு நல்லாத்தான கீது, எதுக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு குந்திகினுகீற?" என்றாள்.

"உனக்கு இன்னாடி தெரியும்? துணிய எடுத்துக்கினு போ" என்று விழுந்தேன். பாவம், கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மகன் கூப்பிடும்போதெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நான்கு நாள் பொய் சொன்னேன். வீடியோ போடு என்பான், நெட் சரியில்லை என்பேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதே துணி திரும்ப நெய்து வர ஒன்றரை மாதம் ஆகும், கல்யாணத்துக்கு இருந்தது மூன்று வாரம். அவன் கடையில் ஒரு கறுப்புக் கோட்டை வாடகைக்கு எடுத்துவிடுவான். அப்புறம் அந்த மண்டபத்தில் என்னுடையது என்று ஒரு நூல்கூட இருக்காது. அதற்காகத்தான் மறைத்தேன். துணி கெட்டதைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஐந்தாம் நாள் தாங்கவில்லை. நானே கூப்பிட்டு, துணியைப் போனுக்கு முன்னால் பிரித்துக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவன் துணியைக் கிட்டே காட்டச் சொல்லிப் பார்த்தான்.

"அவுரு இன்னா சொல்லுவாருடா?"

"தெரியலமா."

"கறுப்பு எடுத்துக்கறியா?"

"நீ தைமா. பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தைத்தேன். அவன் வீட்டில் விட்டுப்போன பழைய சட்டைதான் அளவு. அங்கே போய்ச் சதை போட்டிருக்கிறான் என்பதால் இரண்டு விரல் கூட்டினேன். செய்தித்தாளில் வெட்டி வெட்டிப் போட்டுப் பார்த்ததில், கை இரண்டுக்கும் அடிப்பக்கம் துணி போதவில்லை. பிளவுஸில் துணி குறைந்தால் நாங்கள் கக்கத்தில் ஒட்டுப் போடுவோம். இங்கேயும் போட்டேன். கட்டத்தின் கோடும் ஒட்டின் கோடும் இம்மி பிசகாமல் சேர வேண்டும். ஒரு ஒட்டுக்கு ஒரு நாள் போனது. கெட்டதிலும் அந்தத் துணி எனக்கு ஒரே ஒரு உதவி செய்தது. கசக்கிக் கசக்கித் தடித்துப் போயிருந்ததால் வெட்டிய ஓரம் பிரியவே இல்லை. கிராஸ் கட்டில் ஓரம் இழுத்துக்கொண்டு போவதுதான் பெரிய தொல்லை, அது இல்லை. மார்பில் இரண்டு பக்கத்துக் கோடும் வந்து சேர்ந்தபோது நான் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் வெட்டு எவ்வளவு சரியாக வந்தாலும் நிறம் தப்புதானே என்று தோன்றி மறுபடி மிதித்தேன். லைனிங் சிவப்பிலேயே வைத்தேன். புதுத்துணி என்று காலரின் உள்பக்கம் கொஞ்சம் மஞ்சள் தடவி, மறுநாள் பாண்டிக்குப் போய்க் கூரியரில் போட்டேன். போய்ச் சேர்ந்தது என்று மட்டும் அவனிடமிருந்து செய்தி வந்தது, பெண்ணின் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் போனை மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டு வாங்கிக்கொண்டு போன மீன்காரப் பெண்ணும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் யாரிடமோ போனைக் கொடுத்திருந்தான், படம் ஆடிக்கொண்டே இருந்தது. மோதிரம் மாற்றி முடிந்ததும் எல்லோரும் வெளியே புல்தரைக்கு வந்தார்கள். மருமகள் வெள்ளை உடையில் பார்க்க நன்றாக இருந்தாள். ஆனால் என் கண் அவளிடம் நிற்கவில்லை. கோட்டு தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கையைத் தூக்கினால் இழுக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுக்கவில்லை.

அப்போது பெண்ணின் அப்பா வந்து அவன் பக்கத்தில் நின்றார். அவர் கட்டியிருந்த கில்ட் அதே கட்டம். அதில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் என் மகன் ரோஜா நிறக் கோடு ஓடிய கோட்டோடு நின்றான். கண் தெரியாதவருக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்கும். அந்த மனிதர் அவன் கையைப் பிடித்தார். கோட்டுக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தன் கில்ட்டைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். ஏதோ கேட்டார். போனை அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். மீன்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் மகன் ஒரே ஒரு வரி பதில் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். பிறகு போன் பக்கம் திரும்பி, முன்பு செய்த மாதிரியே இரண்டு கையையும் கூப்பினார். நானும் கூப்பினேன்.

மகன் போனை வாங்கிக்கொண்டு தள்ளி வந்தான்.

"இன்னாடா கேட்டாரு? கோவமா?"

"கோவம்லாம் இல்லமா. இது எங்க வூட்டுக் கட்டம் மாதிரி இல்லியே, எந்தக் குடும்பத்துதுன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க அம்மாவுதுன்னு சொன்னன்."

"அதுக்கு?"

"அப்ப சரின்னாரு" என்றான். பின்னாலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

யாருடையது என்ற கேள்வியை என் வாழ்நாளில் எத்தனையோ வாசலில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக என்னைச் சொல்லி, கேட்டவர் சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. மீன்காரப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டு, "அழுவாதக்கா, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். நான் நிறுத்தவில்லை. அழுவதற்கு இப்போதுதான் தெம்பு வந்திருந்தது. அன்று நான் ஒரு பிளவுஸும் வெட்டவில்லை.